வாரத் தலைப்பா, தினம் ஒரு படமா, சலான் போட்டியா, சொந்தத் தொடரா? நீலகிரியில் இருந்து போட்டோ எடுப்பவர்களுக்கு

நீலகிரியில் குடியிருந்துகொண்டு பொழுதுபோக்காகப் போட்டோ எடுக்கிற யாருடைய போனை வாங்கிப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே படங்கள்தான் இருக்கும். தொட்டபெட்டா மேலிருந்து பள்ளத்தாக்கு, டால்பின் நோஸிலிருந்து எதிர்மலையில் கேத்தரின் அருவி, தேயிலைச் சரிவில் சாயங்கால வெயில், வளைவில் திரும்புகிற மலை ரயில், அப்புறம் மேகத்துக்கு மேலே நின்று எடுத்த ஒன்று. குறை சொல்ல முடியாத படங்கள். ஆனால் இரண்டு நாள் லீவில் வந்துபோகிறவரும் இவற்றைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார், வருஷம் முழுக்க இங்கேயே இருக்கிற நமக்கு அவரைவிடக் கூடுதலாக என்ன கிடைத்தது என்று யோசிக்கும்போதுதான் அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. கேமரா வாங்கி ஒரு வருஷம் ஓட்டியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பதும் இதைத்தான்.

நாலு வழி இருக்கிறது. தினம் ஒரு படம் என்று 365 நாளும் எடுப்பது ஒன்று. வாரத்துக்கு ஒரு தலைப்பு வைத்துக்கொண்டு வருஷத்துக்கு 52 படம் எடுப்பது இன்னொன்று. நடுவர்கள் தேர்ந்தெடுத்துக் காட்சிக்கு வைக்கிற சலான் என்ற புகைப்படப் போட்டிகளுக்கு அனுப்பலாம். இல்லையென்றால் தலைப்பும் போட்டியும் இல்லாமல் ஒரே விஷயத்தை மாதக்கணக்கில் தொடர்ந்து எடுக்கலாம். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலைக்கும் போய்க்கொண்டு மலையில் இருப்பவருக்கு முதல் வருஷம் வாரத் தலைப்புதான் சரி. ஆனால் மற்ற மூன்றையும் ஒதுக்கிவிட முடியாது, சிலருக்கு அவைதான் பொருந்தும், அதனால் அவற்றை முதலில் பார்த்துவிடலாம்.

தினம் ஒரு படம் எடுப்பதில் பெரிய லாபம் கை பழகுவது. ஐஎஸ்ஓ எந்தப் பட்டன், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் எந்தப் பக்கம் திருகினால் கூடும் என்பதெல்லாம் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே தெரிந்துவிடும், அதற்கு ஒரு மாதம் போதும். அதற்கு மேல் போனால் இங்கே கஷ்டம். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடுகிறது, ஆபீஸ் விட்டு வெளியே வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலையில் நாள்கணக்கில் மழை விடாது. அப்போதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு, இன்றைக்கு இன்னும் எடுக்கவில்லையே என்று டீ டம்ளரை டியூப் லைட் வெளிச்சத்தில் வைத்து எடுப்பதுதான் நடக்கும். கடை வைத்திருப்பவர்களுக்கும் வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களுக்கும் இது வேறு கணக்கு. எடுக்க வேண்டியது தினமும் கண்ணெதிரே மாறிக்கொண்டே இருக்கிறது, அவர்கள் தாராளமாகத் தினப்படத்தில் இறங்கலாம்.

சலான் போட்டிகள் தனி உலகம். சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப் போன்ற அமைப்புகளின் அங்கீகாரத்தோடு நடக்கும். கலர், கறுப்பு வெள்ளை, இயற்கை, பயணம் என்று பிரிவுகள், பிரிவுக்குப் பெரும்பாலும் நாலு படம், அதற்கு ஒரு கட்டணம். தேர்வாகிற படங்கள் சேரச் சேர ஏஃபியாப் போன்ற பட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு படத்தை முழுசாக முடிப்பது எப்படி என்று இந்த வழி நன்றாகக் கற்றுக்கொடுக்கும், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கிளையைக்கூட விடாமல் பார்க்கிற கண் வரும். விதிகளும் கறார். இயற்கைப் பிரிவில் படத்தில் இல்லாததைச் சேர்க்கவோ இருப்பதை அழிக்கவோ கூடாது, மனிதர் நட்டு வளர்த்த செடிகளும் சேராது. எஸ்டேட்டுக்குள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பனியில் நிற்கிற காட்டுமாட்டை எவ்வளவு அழகாக எடுத்திருந்தாலும் அந்தப் பிரிவில் அது சிக்கல்தான்.

எனக்கு இதில் இரண்டு மனத்தாங்கல். தேர்வு, தேர்வில்லை, இத்தனை மதிப்பெண் என்று ரிசல்ட் வரும், ஏன் என்று வராது, பழகிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு அந்த 'ஏன்'தான் தேவை. இரண்டாவது, தேர்வாகிற மாதிரியான படத்தைத் துரத்த ஆரம்பித்துவிடுவோம். இங்கே அப்படித் துரத்துவது காட்டுமாட்டையும் யானையையும் என்றால் அது உயிர் விஷயம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் காட்டுமாடு வீட்டு வாசல்வரை வருகிறது, அதனால் பயம் விட்டுப்போகிறது, அது முட்டி ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்தும். நாலைந்து வருஷம் எடுத்துப் பழகி, சொந்தமாக ஒரு பார்வை வந்த பிறகு சலானுக்குப் போவது நல்லது.

சொந்தத் தொடர்தான் கடைசியில் எல்லோரும் போய்ச் சேர வேண்டிய இடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஹட்டியின் (படுகர் கிராமத்தின்) வீட்டு வாசல்கள், காலை முதல் பஸ், பாட்டியின் கைகள், மூடிக்கிடக்கிற ஒரு தொழிற்சாலை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று வருஷம் எடுத்தால் அது வேறு யாராலும் எடுக்க முடியாத படங்களாக வரும். இந்த ஊருக்கே படத்தோடு அப்படி ஒரு உறவு உண்டு. 1960-ல் ஊட்டியில் மத்திய அரசு நிறுவனமாக ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிமில்தான் ஒரு தலைமுறைக்காரர்கள் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் எடுத்தார்கள். தொழிற்சாலை மூடிவிட்டது, இந்து நகர் என்ற பெயர் இருக்கிறது, அங்கே வேலை பார்த்தவர்களும் இருக்கிறார்கள். யாராவது அவர்களை ஒருவர் ஒருவராகப் போய்ப் பார்த்து எடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஆனால் ஆரம்பத்தில் இருக்கிறவரிடம் போய் 'ஒரு தொடர் எடுங்கள்' என்று சொன்னால் எதை எடுப்பது என்பதே அவருக்குப் பிடிபடாது. கெடு இல்லை, கேட்பார் இல்லை, மூன்றாவது வாரம் மழை பெய்யும், அத்தோடு நின்றுபோகும். எதன் மேல் தனக்கு ஆசை என்று தெரிந்த பிறகுதான் தொடர் எடுக்க முடியும். அதைத் தெரிந்துகொள்ள வாரத் தலைப்பைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, வாரத் தலைப்புக்கு வருகிறேன். ஒரு வாரம் என்ற அளவு இந்த மலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஏழு நாளில் எப்படியும் ஒரு நாள் பனி விலகும், ஒரு நாள் மூடும், ஒரு நாள் மழை தூறும், நடுவில் ஒரு ஞாயிறு வரும். திங்களன்று தலைப்பு கையில் இருந்தால் வேலைக்குப் போகிற பஸ் ஜன்னலிலேயே தேட ஆரம்பிக்கலாம், சனி ஞாயிறில் எடுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய விஷயம், தலைப்பு உங்களை வியூபாயிண்டிலிருந்து இறக்கிக் கடைவீதிக்கும் ஷெட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் அனுப்பிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு வாரம் 'செம்மஞ்சள்' என்று வருகிறது. முதலில் மனசுக்கு வருவது சூரியோதயம், அது எல்லோருக்கும் வரும், அதைத் தள்ளிவிட்டு யோசித்தால் கேத்தி பாலாடாவில் கேரட் கழுவுகிற இடம் ஞாபகம் வரும். சேறு அப்பிய கேரட்டை மூட்டை மூட்டையாக அவிழ்த்துச் சுழலுகிற டிரம்மில் கொட்டுகிறார்கள், உள்ளே தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, முதலில் காப்பித் தண்ணி மாதிரி ஓடி அப்புறம் தெளிகிறது, கொஞ்ச நேரத்தில் டிரம்மின் இடுக்கு வழியாக நிறம் தெரிய ஆரம்பிக்கிறது. ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் கொட்டுகிறதை அள்ளிப் பையில் நிரப்பித் தைக்கிறார்கள், லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்ப நிற்கிறது. விடியும் முன்னே போனால் மஞ்சள் பல்பு வெளிச்சம். கேமராவை ஆட்டோ ஒயிட் பாலன்ஸில் விட்டால் அது அந்த மஞ்சளைச் சரிசெய்கிறேன் என்று கேரட்டையே வெளிறச் செய்துவிடும், டேலைட்டில் பூட்டிவைத்தால் சூடு அப்படியே நிற்கும். ஷட்டரை 1/15 நொடிக்கு இறக்கி, கேமராவைச் சுவரிலோ தூணிலோ அழுத்திப் பிடித்தால் டிரம் கரைந்து ஓடும், பக்கத்தில் அசையாமல் நிற்கிற ஆள் கூர்மையாக நிற்பார். வேலை நடக்கிற இடம், குறுக்கே நிற்காமல் முதலில் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் டீயும் கிடைக்கும். இந்தப் படம் எந்தச் சுற்றுலாப் பயணியின் போனிலும் இருக்காது.

தலைப்புகளில் மூன்று ஜாதி உண்டு என்று பிரித்துக்கொள்வது நல்லது. பொருள் தலைப்பு: கதவு, தண்ணீர், செம்மஞ்சள். நுட்பத் தலைப்பு: நிழலுரு, பேனிங் (ஓடுகிற பொருளோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பி எடுப்பது), நீண்ட எக்ஸ்போஷர், ஒரே லென்ஸ். உணர்வுத் தலைப்பு: காத்திருப்பு, தனிமை, சொந்தம். பொருள் தலைப்பு கண்ணைத் திறக்கும், நுட்பத் தலைப்பு கையைப் பழக்கும், உணர்வுத் தலைப்பு முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்பேன். 'தனிமை' என்றதும் ஒற்றை மரமும் காலி பெஞ்சும் பனியும்தான் வரிசையாக வரும், அதை உடைத்துக்கொண்டு வெளியே வர கொஞ்சம் அனுபவம் வேண்டும். பட்டியலில் பாதியாவது நுட்பத் தலைப்பாக இருக்கட்டும்.

நுட்பத் தலைப்புக்கு இந்த மலையைவிட வசதியான இடம் குறைவு. பேனிங் பழக வேண்டுமா, மலை ரயில் இருக்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரப் பாதையில் அது மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அந்த வேகத்தில் 1/125-ல் எடுத்தால் வண்டி மூன்று சென்டிமீட்டர்கூட நகராது, படத்தில் அப்படியே நின்றுவிடும், ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. 1/8-க்கு இறக்கினால் அரை மீட்டர் கிட்ட நகரும், கேமராவை வண்டியோடு சேர்த்து இடுப்பிலிருந்து திருப்பினால் பெட்டி தெளிவாகவும் பின்னால் மரங்கள் கோடாகவும் வரும். மெதுவாகப் போகிற வண்டி என்பதால் ஒரே தடவையில் நிறைய முயற்சி செய்யலாம். இன்னொரு விஷயம், மேலே ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளும், இறங்கும்போதுதான் முன்னால் வரும், அதனால் எந்த வண்டிக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்துப் படம் மாறும். நீராவி எஞ்சின் வேண்டுமென்றால் குன்னூருக்குக் கீழே போக வேண்டும், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல்தான். எல்லாவற்றையும் ரோட்டோரமாக நின்று எடுங்கள், தண்டவாளத்தில் இறங்க வேண்டாம்.

'வெள்ளை' என்று ஒரு தலைப்பு வந்தால் அதுவும் நமக்கு லாபம். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக நினைத்துக்கொள்ளும், அதனால்தான் நேரில் வெள்ளையாக இருந்த மூடுபனி படத்தில் அழுக்குச் சாம்பலாக வருகிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டினால் சரியாகும், உறைபனிக்கும் இதே கதைதான். ஜனவரியில் வானம் தெளிவாக, காற்றில்லாமல் இருக்கிற ராத்திரிக்கு மறுநாள் காலையில் தலைக்குந்தா பக்கம் போனால் புல்மேல் உப்பு தூவின மாதிரி கிடக்கும். வெயில் தொட்டதும் உருகிவிடும், அதற்குள் எடுத்தாக வேண்டும்.

ஒரு தொந்தரவு, இணையத்தில் கிடைக்கிற பட்டியல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் அவர்கள் பருவத்துக்குப் போட்டவை. அக்டோபரில் 'இலையுதிர் காலம்' என்று வரும், நமக்கு அப்போது குன்னூரில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அதைத் தவிர்க்காமல் மாற்றி வையுங்கள். சோலை மரங்களில் துளிர் சிவப்பாக விடுகிற மாதங்களுக்கு ஒரு தலைப்பு, காட்டுப்பூவரசு பூக்கிறபோது ஒன்று, மார்ச் ஏப்ரலில் ஜக்கரண்டா ரோட்டில் கொட்டிக் கிடக்கும்போது ஒன்று என்று நம் மலைக்கேற்ற பட்டியலை நாமே எழுதிக்கொள்வதில்தான் எனக்கு அதிக விருப்பம். கறுப்பு வெள்ளைக்கு ஒரு வாரம் வையுங்கள், அந்த வாரம் பழைய 120 ஃபிலிம் ரோல் கணக்கில் மொத்தம் 12 படம்தான் எடுப்பேன் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால் யோசிக்க வேண்டி வரும்.

யாரோடு சேர்ந்து செய்வது என்பதும் ஒரு முடிவுதான். ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிற பெரிய குழுவில் போட்டால் லைக் வரும், ஆனால் நிறத்தை ஏற்றிவிட்ட சூரியோதயத்துக்குத்தான் அதிகம் வரும், இரண்டு மாதத்தில் நாமும் நிறத்தை ஏற்ற ஆரம்பித்துவிடுவோம். ஆறேழு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு எவ்வளவோ மேல். அந்த வாரத்திலேயே எடுத்த படமாக இருக்க வேண்டும், ஒன்றுதான் அனுப்பலாம், மற்றவர்கள் படத்தில் இரண்டுக்காவது என்ன பிடித்தது, எது இடிக்கிறது என்று எழுத வேண்டும், இவ்வளவுதான் விதி. 'தம்பி, படம் நல்லா இருக்கு, தலைப்பு எங்கே?' என்று கேட்கிற ஒரு அண்ணன் குழுவில் இருந்தால் அந்தக் குழு பிழைத்தது. கூடவே ஊட்டி, கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் என்று ஆட்கள் பரவி இருந்தால் ஒரே வாரத்தில் நாலு விதமான வானிலையில் அதே தலைப்பைப் பார்க்கலாம்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. தலைப்பு கையில் இருக்கிற அவசரத்தில் மனிதர்களைப் பொருளாகப் பார்த்துவிடக் கூடாது. 'முகம்' என்று வந்ததும் கொழுந்து பறிக்கிறவர்களிடமும் தோடர்களின் குடியிருப்பான மந்துக்கும்தான் நிறையப் பேர் ஓடுகிறார்கள். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவரை நிறுத்தி, கூடையை இப்படித் திருப்புங்கள், கொஞ்சம் சிரியுங்கள் என்றால் அந்த நேரம் அவர் கூலியில்தான் கழியும். 'அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?' என்று கேட்டு, வேண்டாம் என்றால் நகர்ந்துவிட வேண்டும், சரி என்றால் அவர் வேலையைத் தடுக்காமல் எடுத்து அடுத்த வாரம் ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மந்துக்குள் கோயிலை நெருங்கும் முன்னும், படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவில் கேமராவைத் தூக்கும் முன்னும் அங்கே இருக்கிற பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதால் கிடைக்காமல் போன படத்துக்காக வருத்தப்பட ஒன்றுமில்லை.

செலவு என்று பார்த்தால் நாலில் வாரத் தலைப்புதான் மலிவு. போன் போதும், பேனிங் மாதிரி சிலவற்றுக்கு மட்டும் ஷட்டர் வேகத்தை நாமே வைக்கிற வசதி வேண்டும். கேமரா இருக்கிறவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: இங்கே லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. மழைக்காலத்தில் ஈரப்பதம் இறங்காது, பேடிங் வைத்த கேமரா பையில் மாதக்கணக்கில் மூடி வைத்தால் அந்தப் பஞ்சே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை வெளியே எடுத்து வெயில் படுகிற இடத்தில் பயன்படுத்துகிற லென்ஸ் தப்பிக்கும். மற்ற நாள்களில் இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லும் சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு 40-50 சதவீதத்தில் வைத்துக்கொண்டால் போதும். விடியற்காலைக் குளிரிலிருந்து நேராக அடுப்பு எரிகிற வீட்டுக்குள் வரும்போது கேமராவைப் பைக்குள் வைத்து மூடிக்கொண்டு வாருங்கள், சூடாகிற வரை திறக்காதீர்கள், இல்லையென்றால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும்.

வாரத் தலைப்பில் குறையே இல்லையா என்றால் இருக்கிறது. சில மாதத்துக்குப் பிறகு அது வீட்டுப்பாடம் ஆகிவிடும், ஞாயிறு சாயங்காலம் கடமைக்கு ஒன்றை எடுத்து அனுப்பத் தோன்றும். வருஷ முடிவில் கையில் இருக்கிற 52 படத்துக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் இருக்காது, கண்காட்சி வைக்கலாம் என்று ஆசைப்பட்டால் முடியாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாப் படத்தையும் சின்ன அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பிப் பாருங்கள். தலைப்பு எதுவாக இருந்தாலும் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஒருவருக்குக் கைகளாக வரும், இன்னொருவருக்குத் தகரக் கூரையாக, ஜன்னல் கண்ணாடியில் வழிகிற மழைத் தண்ணியாக. அதுதான் உங்கள் சொந்தத் தொடர், அது தெரிந்த வாரமே தலைப்புகளை விட்டுவிட்டு அதில் இறங்கலாம், 52-ஐ முடித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எப்போது ஆரம்பிப்பது என்பது எந்தச் சரிவில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பிடித்துக்கொள்ளும், அங்கே அக்டோபரில் ஆரம்பித்தால் முதல் சில மாதம் நிம்மதியாகப் போகும். குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்கு மழைக்காரர்கள், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மண்சரிவில் மலை ரயிலே அடிக்கடி நின்றுபோகும், இவர்களுக்கு ஜனவரி சரி. ரயில் பேனிங்கை பிப்ரவரி மார்ச்சில் வையுங்கள். ஏப்ரல் மே மாதம் ரோடு முழுக்க வெளியூர் வண்டி, வியூபாயிண்ட் பக்கம் போகவே முடியாது, அந்த வாரங்களுக்கு வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்துக்குள் முடிகிற தலைப்புகளாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.